துவர்ப்பும் பொழுதும்: ஆரஞ்சு ஒயினும் ஜொகூர்த் தோட்டத்துக் கள்ளும்

ஆரஞ்சு ஒயினில் ஆரஞ்சுப் பழம் இல்லை. வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விட்டு, நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறவைத்த பின் வடித்தெடுக்கும் ஒயினுக்கு நிறத்தை வைத்து வந்த பெயர் அது. இளம் பொன்னிலிருந்து ஆழ்ந்த தேன் நிறம் வரை அதன் சாயல் மாறும். கடந்த இருபது ஆண்டுகளில் லண்டன், நியூயார்க், தோக்கியோ, சிங்கப்பூர் உணவகங்களின் பட்டியலில் வெள்ளை, சிவப்பு, ரோஸ் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் இனமாக அது இடம் பிடித்திருக்கிறது.

அதைப் புகழ்வோர் சொல்லும் காரணங்களைத் தமிழ் வாசகர் கேட்டால் புருவம் உயர்த்தக்கூடும். பெரும்பாலும் அதில் ஆய்வுக்கூட ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் பழத்தோலிலும் உள்ள நுண்ணுயிரே நொதிக்க வைக்கிறது. வடிகட்டிப் பளிங்காக்குவதில்லை, கலங்கலாக இருக்கலாம். பல இடங்களில் மண்கலத்தில்தான் ஊறுகிறது. ஆண்டுக்கு ஆண்டு, கலத்துக்குக் கலம் சுவை மாறுகிறது. இவை அத்தனையும் கள்ளுக்கும் பொருந்தும். ஆயினும் ஒன்றைப் பாரம்பரியக் கலை என்று உலகம் கொண்டாடுகிறது. மற்றதன் கடையை மூடச் சொல்லி மலாயாத் தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள்; அவர்களில் உயிர் துறந்தவரும் உண்டு.

வெள்ளையர் குடித்தால் கலை, கூலிக்காரர் குடித்தால் கேடு என்னும் ஏளனப் பார்வைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டு பானங்களுக்கும் இடையே ஒரு வேதியியல் வேறுபாடு இருக்கிறது. ஒன்றில் துவர்ப்பு உண்டு, மற்றதில் இல்லை. துவர்ப்பு உள்ள பானம் காத்திருக்கும். இல்லாதது ஒரு பொழுதுக்குள் தீர வேண்டும். காத்திருக்க முடியாத பானத்தின் மேல் யாருக்கு அதிகாரம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க மலேசியாவின் ஜொகூரை விடப் பொருத்தமான இடம் அரிது. அந்த மாநிலத்தின் தொடக்ககாலச் செல்வத்தில் பெரும்பங்கு துவர்ப்பை விற்றுச் சேர்த்ததுதான்.

தோல் செய்யும் வேலை

திராட்சைச் சாறு, எந்த நிறப் பழத்திலிருந்து வந்தாலும், பெரும்பாலும் நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. விதையிலும் காம்பிலும் மேலும் துவர்ப்பு உண்டு. சிவப்பு ஒயின் என்பது கருந்திராட்சையைத் தோலோடு நொதிக்க வைப்பது. ரோஸ் என்பது அதே தோலைச் சில மணி நேரம் மட்டும் சாற்றோடு விட்டுப் பிரித்துவிடுவது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்த உடனே தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பார்கள். ஆரஞ்சு ஒயின் இவற்றில் விடுபட்டுப்போன நான்காவது வழி: வெள்ளைத் திராட்சைக்குச் சிவப்பு ஒயினின் செய்முறை.

தோலோடு ஊறும்போது டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் சாற்றில் கரைகின்றன. அவை ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, ஒயினின் மற்றப் பகுதிகள் கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன. தோலில் உள்ள நிறமிகளும் இந்த டானின் வகைப் பொருள்கள் காற்றுப்பட்டு மாறுவதும் சேர்ந்துதான் அந்தச் செம்மஞ்சள் நிறம் வருகிறது. வெள்ளை ஒயினில் எதிர்பார்க்கும் பசும்பழ மணம் இதில் பின்வாங்கிவிடும். உலர்ந்த சர்க்கரைப் பாதாமி, தேன், கொட்டைப் பருப்பு, கடுந்தேநீர் போன்ற மணங்கள் முன்னுக்கு வரும். நாவின் ஓரத்தில் ஒரு பிடிப்பு இருக்கும். வெற்றிலையோடு காசுக்கட்டி மென்றவருக்கு அந்தப் பிடிப்பு புதிதன்று. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த சமையல் மரபில் வளர்ந்தவர், வெள்ளை ஒயின் மட்டுமே குடித்துப் பழகிய ஐரோப்பியரைவிட இதை விரைவில் புரிந்துகொள்வார்.

திராட்சைச் சாறு நிலைத்திருப்பதற்கு டானின் மட்டும் காரணமில்லை. அது பிறப்பிலேயே புளிப்பு உடையது. டார்டாரிக் அமிலம் பல கெடுதல் நுண்ணுயிர்களை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுகிறது. பழுத்த திராட்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை இருப்பதால் ஆல்கஹால் 12, 13 விழுக்காடு வரை ஏறுகிறது. கலத்தை மூடிக் காற்றைத் தடுத்தும்விட்டால் ஒயின் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இந்தக் காப்பு அடுக்குகளில் ஒன்றான துவர்ப்பை வெள்ளை ஒயின் தானே கழற்றி எறிகிறது. அதை ஈடுகட்டக் குளிரூட்டிய எஃகுக் கலமும் கந்தக டை ஆக்சைடும் நுண்வடிகட்டியும் உதவுகின்றன. ஆரஞ்சு ஒயின் அந்தத் துவர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஜார்ஜியா முதல் ஒஸ்லாவியா வரை

இந்த முறைக்கு உலகம் இன்று காட்டும் தாயகம் காகசஸ் மலைநாடான ஜார்ஜியா. அங்கே க்வெவ்ரி என்னும் முட்டை வடிவ மண்தாழியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, உட்புறம் தேன்மெழுகு பூசி, பிழிந்த சாற்றையும் தோல், விதை, காம்பையும் ஒன்றாக உள்ளே விடுகிறார்கள். கிழக்கே உள்ள ககேதி வட்டாரத்தில் ர்காட்சிதெலி, கிசி, ம்த்ஸ்வனே போன்ற வெள்ளைத் திராட்சைகள் ஐந்தாறு மாதம் இப்படிக் கிடக்கின்றன. நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் தோலை நாள்தோறும் கோலால் அமுக்கிவிடுவார்கள். நொதிப்பு அடங்கியதும் தாழியை மூடி முத்திரையிட்டு வசந்தத்தில் திறப்பார்கள். நிலம் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறது. கூம்பிய அடிப்பகுதியில் விதை தங்கிவிடுவதால் மேலே உள்ள ஒயின் தானே தெளிகிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனித குலத்தின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆரஞ்சு ஒயினுக்கு எட்டாயிரம் ஆண்டு வயது என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் சற்று நிறுத்தி ஏற்க வேண்டும். ஜார்ஜியாவின் கடச்ரிலி கோரா, சுலவேரிஸ் கோரா ஆகிய புதிய கற்கால ஊர்களில் கிடைத்த மண்கல ஓடுகளை பேட்ரிக் மெக்கவர்ன் குழுவினர் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பொ.ஆ.மு. 6000 முதல் 5800 வரையிலான அந்த ஓடுகளில் டார்டாரிக் அமிலம் முதலான திராட்சைத் தடயங்கள் இருந்தன. அங்கே திராட்சை ஒயின் இருந்தது என்பதற்கு அது சான்று. அந்த ஒயின் வெள்ளையா சிவப்பா, தோலோடு எத்தனை நாள் ஊறியது என்று ஓட்டில் ஒட்டிய அமிலம் சொல்லாது.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கம் முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை. இன்றைய ஸ்லோவேனியாவின் விபாவா பள்ளத்தாக்கில் பாதிரியாராக இருந்த மத்தியா வெர்தோவெட்ஸ் 1844இல் வெளியிட்ட திராட்சை வளர்ப்பு நூலில், வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிடும் உள்ளூர் வழக்கம் பதிவாகியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எஃகுக் கலமும் குளிரூட்டியும் வந்து, தெளிந்த, வெளிறிய, நறுமண வெள்ளை ஒயினே தரம் என்று ஆனபோது அது வீட்டுப் பழக்கமாகச் சுருங்கியது. இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூரான ஒஸ்லாவியாவில் ஸ்டான்கோ ராதிகோன் 1990களின் நடுவில் ரிபொல்லா ஜியால்லா திராட்சையைத் தோலோடு ஊறவைக்கத் தொடங்கினார். அவருடைய ஊர்க்காரரான யோஸ்கோ கிராவ்னர் நவீன முறையில் புகழின் உச்சியில் இருந்தவர். 2000இல் ஜார்ஜியா சென்று வந்தபின், 2001 முதல் புதைத்த மண்தாழிகளுக்கு மாறினார். பழைய வாடிக்கையாளர் பலர் அந்த ஒயினைக் கெட்டுப்போனது என்றே எண்ணினார்கள். 2004இல் டேவிட் ஹார்வி என்னும் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் இந்த வகையை ஆரஞ்சு ஒயின் என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜார்ஜியர்களுக்கு வேறு விதமான நெருக்கடி வந்தது. சோவியத் காலத்தில் அரசு ஆலைகள் அளவைப் பெருக்கின; க்வெவ்ரி கிராமத்து வீடுகளில் பிழைத்திருந்தது. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்ததும் அவர்களுடைய மிகப் பெரிய சந்தை ஒரே நாளில் மூடிக்கொண்டது. தொலைதூர நாடுகளில் புதிதாக வாங்குபவரைத் தேட வேண்டிய கட்டாயத்தில், வீட்டுத் தாழியில் ஊறிய ஒயின் முன்னணிக்கு வந்தது. அது கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்யும்; புதுச் சந்தை பழகும் வரை கிடங்கில் காத்திருக்கும். தடையை அவர்கள் தாண்டியதற்கு உழைப்பும் விளம்பரமும் எவ்வளவு காரணமோ, அந்த ஒயின் கெடாமல் நின்றதும் அவ்வளவு காரணம்.

ஜொகூர்: துவர்ப்பை விற்ற நாடு

இனி ஜொகூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த நாட்டின் ஆறுகளை ஒட்டிச் சீனர்கள் காட்டை அழித்து நட்ட பயிர்கள் இரண்டு: மிளகும் கம்பீரும். கம்பீர் கொடியின் இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் வேகவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்கினால் கிடைப்பது ஏறத்தாழத் துவர்ப்பின் சாரம். நம் ஊரில் கருங்காலி மரத்திலிருந்து எடுக்கும் காசுக்கட்டிக்கு உறவுப் பொருள் அது. வெற்றிலையோடு மெல்லக் கொஞ்சம் போயிற்று. பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பெருமளவு போயிற்று. வேகவைத்த இலைச் சக்கை மிளகுக்கு உரமானது. கொப்பரைக்கு விறகாகக் காடு கரைந்தது. ஒயினைக் காக்கும் அதே வகைப் பொருள் மாட்டுத்தோலைக் கெடாமல் காப்பதால்தான் கம்பீருக்கு விலை இருந்தது.

ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் 1844 முதல் சூராட் சுங்கை எனப்படும் ஆற்றுப் பத்திரங்களைச் சீனத் தலைவர்களுக்கு வழங்கினார். ஓர் ஆற்றின் கரையைத் திறந்து குடியேற்றும் உரிமை பெற்றவர் காங்சூ. அவருடைய படித்துறைக் குடியிருப்பு காங்கார். டாயெங் இப்ராகிமின் மகன் அபு பக்கர் காலத்தில், 1873இல், காங்சூ முறைக்கென்று தனிச் சட்டமே எழுதப்பட்டது. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று இன்றும் நிற்கும் ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தவை.

காங்சூவுக்குக் கிடைத்த உரிமைகளில் நிலத்தைவிட வருமானம் தந்தவை வேறு. தன் ஆற்றில் அபின், சாராயம், பன்றி இறைச்சி விற்கவும், சூதாட்டமும் அடகுக்கடையும் நடத்தவும் அவர் ஏகபோகம் பெற்றிருந்தார். கம்பீர் விலை விழுந்தாலும், கூலிக்குக் கொடுத்த பணம் அபினாகவும் சாராயமாகவும் திரும்பி வந்தது. தொழிலாளியின் உழைப்பையும் அவன் மாலைப் பொழுதையும் ஒரே கை வைத்திருக்கும் ஏற்பாடு தமிழர்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே ஜொகூரில் வேரூன்றியிருந்தது. 1917இல் காங்சூ உரிமைகள் சட்டப்படி முடிவுக்கு வந்தன. அதற்குள் கம்பீர் நிலங்கள் ரப்பருக்கு மாறிக்கொண்டிருந்தன.

பாளை முதல் கடை வரை

1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அந்தப் பாதையை ஒட்டி ரப்பர் தோட்டங்கள் பரவின. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் வழியாகவும் கங்காணிகள் வழியாகவும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றோடு தோட்டத்தின் அமைப்பில் கள்ளுக்கடையும் ஓர் உறுப்பானது.

ஊரில் பனங்கள் பழகியவர்களுக்கு மலாயாவில் கிடைத்தது தென்னங்கள். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். காலையும் மாலையும் மரமேறிச் சீவி, கலயத்தில் சேர்ந்ததை இறக்குவார்கள். ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும். சீவிய பாளை காய்க்காது. எனவே கள் இறக்குவது தேங்காயை விட்டுக்கொடுப்பதும் ஆகும்.

சொட்டும்போது சாற்றில் 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை இருக்கிறது. புளிப்பு ஏறத்தாழ இல்லை. திராட்சைக்கு அமிலம் தரும் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. தோலோ விதையோ இல்லாததால் துவர்ப்பும் கிடையாது. கலயத்தில் ஒட்டிய பழைய கள்ளின் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முதல் துளியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பை ஏற்ற, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. சில மணி நேரத்தில் இளங்கள். ஒரு நாளில் ஆல்கஹால் ஆறேழு விழுக்காட்டை நெருங்கலாம். அதற்குமேல் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைக் காடியாக்கத் தொடங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். நொதிக்கவும் வேண்டும், காடியாகவும் கூடாது என்றால் குடிப்பவர் மரத்தருகே இருக்க வேண்டும்.

இந்த ஒரு பண்பு போதும், கள்ளின் சமூக வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதை விளக்க. கள்ளைத் தேக்கி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. நகரச் சந்தைக்கு அனுப்புவதும் எளிதன்று. இந்த ஆண்டு விளைந்ததை அடுத்த ஆண்டு விளைந்ததோடு ஒப்பிட்டுச் சுவைக்க வழியில்லை. எனவே பத்து பகாட் கள், பொந்தியான் கள் என்று ஊர்ப்பெயரால் பெருமை சேரவும் வாய்ப்பில்லை. ஜொகூரின் மேற்குக் கரையெங்கும் தென்னை இருந்தும் அதன் கள்ளுக்கு ஊர் முத்திரை விழவில்லை. விற்பனையின் இடத்தையும் நேரத்தையும் யார் கட்டுப்படுத்துகிறாரோ அவர் கையில் கள் முழுவதுமாக வந்துவிடும். மலாயாவில் அந்தக் கை உரிமம் தந்த அரசுடையதும் உரிமம் பெற்ற தோட்ட நிர்வாகத்துடையதும் ஆகும். மரமேறி இறக்கியவர் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டியவர். பேரம் பேச அவருக்கு ஒரு பொழுதுகூட இல்லை. வேலை முடிந்த மாலையில் கடை திறக்கும். லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. குடித்தவரின் காசு அவர் பெயராலேயே ஒரு நிதியாகி, அதைச் செலவிடும் அதிகாரம் மட்டும் துரையிடம் இருந்தது.

கடையை நியாயப்படுத்தியவர்கள் இரண்டு வாதங்களை வைத்தார்கள். கள் சத்துள்ளது, கடையை மூடினால் தொழிலாளி சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடிக்கப் போவான். கள்ளில் ஈஸ்ட் வழியாக வரும் பி வகை வைட்டமின்கள் உண்டு என்பது உண்மை. சம்சு கள்ளைவிடக் கொடியது என்பதும் உண்மை. ஆனால் 1937இல் வெளியான வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் மலாயா இந்தியத் தொழிலாளர் பற்றிய அறிக்கை, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்னும் பழைய கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்கும் நிலை இருந்தது. அந்தக் கூலியில் அரிசிக்கும் கள்ளுக்கும் இடையே நடந்த இழுபறியை வைட்டமின் கணக்கு தீர்க்காது.

மறியல்

கள்ளுக்கடை எதிர்ப்பு மலாயாவில் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று காந்திய மதுவிலக்கு. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றார்கள். இரண்டாவது சுயமரியாதை இயக்கம். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தொழிலாளி தன்னை மதிக்கக் கற்க வேண்டும் என்ற பேச்சில் குடிக்கு எதிரான குரலும் கலந்திருந்தது. மூன்றாவது தொழிற்சங்கம். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதோடும் சேர்த்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. அரசு படையை இறக்கியது, நாதன் கைதானார், உயிர்கள் போயின.

போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியலைக் காவல்துறை தடியால் கலைத்ததில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கிள்ளானும் பீடோங்கும் ஜொகூரில் இல்லை. ஆனால் ஒத்த உரிம முறையும் ஒத்த தோட்ட அமைப்பும் தீபகற்பம் முழுவதும் இருந்ததால் அங்கே எழுந்த கேள்வி சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் உரியதே.

கோரிக்கைப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். சைக்கிளும் கள்ளுக்கடையும் அடுத்தடுத்து நின்றதில் தற்செயல் இல்லை. இரண்டும் தொழிலாளியின் பொழுது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எழுப்பின. உழைப்பு நேரத்துக்குக் கூலி உண்டு. மீதி நேரத்தில் எந்தத் தெருவில் எப்படிப் போவது, எந்த வாசலில் கூலியைச் செலவழிப்பது என்பதையும் தோட்டம் தீர்மானித்தது. தோட்ட நிர்வாகமே நடத்தும் கடையில் மாலைதோறும் தீர்ந்தாக வேண்டிய பானத்தை ‘இயற்கையானது’, ‘மரபானது’ என்று சொல்லியிருந்தால் மறியல்காரர் சிரித்திருப்பார்.

பட்டை சேர்த்த கள்

துவர்ப்பில்லாமல் பிறந்ததால் கள் காத்திருக்காது என்றால், துவர்ப்பை வெளியிலிருந்து சேர்த்தால் என்ன ஆகும்? இதற்கு விடை ஆசியாவிலேயே இருக்கிறது. பிலிப்பைன்சின் விசாயத் தீவுகளில் தென்னங்கள்ளான துபாவில் பாரோக் என்னும் கண்டல் மரப்பட்டைத் தூளைக் கலப்பார்கள். பட்டையின் டானின் கள்ளைச் செம்மஞ்சளிலிருந்து செந்நிறம் வரை மாற்றுகிறது; நாவில் பிடிப்பைத் தருகிறது; காடியாவதைத் தள்ளிப்போடுகிறது. மண்டியை மீண்டும் மீண்டும் நீக்கி, மூடிய கலத்தில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட வைத்தால் அது பகலினா. லெய்த்தேத் தீவின் பகலினாவுக்கு ஊர்ப் புகழும் வயதுக்கேற்ற விலையும் உண்டு. இலங்கையில் நொதிப்பை மட்டுப்படுத்த ஹல் மரப்பட்டையைக் கலயத்தில் இடும் வழக்கம் இருக்கிறது. சபாவின் பகார் என்னும் தென்னங்கள்ளிலும் மரப்பட்டை சேர்கிறது.

பகலினாவை ஆரஞ்சு ஒயினின் பனைக்குலத்து உறவு என்றால் தவறில்லை. நிறம், பிடிப்பு, ஆயுள் ஆகிய மூன்றும் அதற்கு ஒரே பொருளிலிருந்து வருகின்றன. திராட்சை தன் தோலில் வைத்திருப்பதைத் தென்னை கண்டலிடம் கடன் வாங்குகிறது. ஜொகூரில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தஞ்சோங் பியாய், பூலாவ் குக்கூப், சுங்கை பூலாய் என்று தென்மேற்குக் கரை முழுவதும் கண்டல் காடு. அவை மூன்றும் 2003 முதல் ராம்சார் ஈரநிலங்கள். உள்ளே அரை நூற்றாண்டு காலம் காய்ச்சிய கம்பீர். இருந்தும் தோட்டக் கள்ளுக்கு அந்தத் துவர்ப்பு தேவைப்படவில்லை. விற்பவருக்கு அன்றைய சரக்கு அன்றே விலைபோனது; நாளைக்கு நிற்கும் கள்ளால் அவருக்கு லாபமில்லை. குடிப்பவர் அதைச் சொந்தமாகச் செய்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லெய்த்தேயில் பட்டை சேர்த்தவர் தன் மரத்தின் கள்ளைத் தன் வீட்டுக் கலத்தில் வைத்திருந்தவர். நுட்பம் இருந்தும் அது பயன்படுவதற்கு மரமும் கலமும் காத்திருக்கும் உரிமையும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

ஆயுள் நீண்டால் மட்டும் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. அதற்குச் சம்சு சாட்சி. தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது அந்த இடத்தை நிரப்பியது சிறு போத்தல்களில் அடைத்த மலிவான சாராயம். அது கெடுவதில்லை, மளிகைக் கடை அலமாரியில் எத்தனை மாதமும் நிற்கும், எந்த நேரத்திலும் வாங்கலாம். கள்ளுக்கடையின் நேரக் கட்டுப்பாட்டிலிருந்து தொழிலாளி விடுபட்டதும், பல மடங்கு கடுமையான பானம் லயத்துக்குள்ளேயே வந்தது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராக நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. சம்சு காத்திருக்கும் வலிமை பெற்றது உண்மை. அந்த வலிமை ஆலைக்கும் வியாபாரிக்கும் பயன்பட்டதே ஒழிய, அதற்காக உழைத்தவருக்கோ குடித்தவருக்கோ பயன்படவில்லை.

வைத்துப் பார்க்கும்போது

2020இல் பன்னாட்டுத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு தோலோடு ஊறிய வெள்ளை ஒயினுக்கு விதி எழுதியது. குறைந்தது ஒரு மாதம் தோலோடு இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. ஒரு பானம் தன் பெயரையே காலத்தை வைத்து நிலைநாட்டுகிறது. கள்ளுக்கு அப்படி ஒரு விதி எழுதினால் அது மணிக்கணக்கில்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள மதிப்பு வேறுபாட்டில் இனப் பாகுபாடும் வர்க்கப் பாகுபாடும் உண்டு என்பதை இந்த வேதியியல் மறைத்துவிடாது. அந்தப் பாகுபாடு எந்தப் பிளவின் வழியாக உள்ளே நுழைந்தது என்பதைக் காட்டும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பனை விவசாயிகள் அதை நீக்கக் கோரிப் போராடுகிறார்கள். கள் உணவு, மரபு, மரமேறியின் வாழ்வாதாரம் என்று அவர்கள் சொல்வதில் வலு உண்டு. மலேசியத் தமிழரிடையேயும் பழைய தோட்டத்துக் கள்ளை ஏக்கத்தோடு நினைவுகூரும் எழுத்து வருகிறது. ஆரஞ்சு ஒயினின் வெற்றியை எடுத்துக்காட்டி, நம் கலங்கல் பானத்துக்கும் அதே மரியாதை வேண்டும் என்று கேட்கும் காலம் தொலைவில் இல்லை. கேட்கலாம். ஆனால் ஒஸ்லாவியாவிலும் ககேதியிலும் மரியாதை கலங்கலுக்காக மட்டும் வரவில்லை. திராட்சைத் தோட்டமும் தாழியும் செய்தவருடையவை. பிடிக்காதவருக்கு விற்காமல் அடுத்த ஆண்டு வரை வைத்திருக்க அவரால் முடிந்தது. ஜொகூர்த் தோட்டத்தில் மரம் ஒருவருடையது, ஏறியவர் வேறொருவர், கடை துரையுடையது, குடித்தவர் கையில் இருந்தது அன்றைய கூலி மட்டும்.

கள்ளை மீட்க விரும்புகிறவர்கள் அதன் தூய்மையையும் தொன்மையையும் நிறுவுவதில் செலவிடும் உழைப்பில் பாதியையாவது வேறு மூன்று கேள்விகளுக்குச் செலவிட வேண்டும். மரம் யாருடையது? இறக்கியவர் அன்றே விற்றாக வேண்டிய கட்டாயத்திலிருந்து அவரை விடுவிக்கும் முறை என்ன? குடிக்கும் இடத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பவர் குடிப்பவருக்குக் கூலி கொடுப்பவராக இருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்காத இடத்தில், 1941இலும் 1947இலும் கடையை மூடச் சொன்ன தொழிலாளர்களின் வாதம் இன்றும் செல்லும்.